தண்ணீர் போகும் வழி முதலில்

ஸ்ரீரங்கத்திலோ திருச்சியின் மற்ற பகுதிகளிலோ, வாஷிங் மெஷினுக்கென்று ஒரு அறை கட்ட வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் என்னை முதலில் அழைத்துப் போவது பாத்ரூம் சுவருக்குத்தான். “இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இடம் சும்மாத்தானே கெடக்கு? தண்ணி லைன் இங்கயே ஓடுது, டிராப்பும் இருக்கு. ஒரு டீ போட்டா முடிஞ்சுது” என்பார்கள். நான் வாசலுக்குத் திரும்பி, சாக்கடைச் சேம்பரின் மூடியைத் திறக்கச் சொல்வேன். மெஷினுக்குள் தண்ணீர் வருவதில் ஏதாவது குறை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வெளியேறும் வழி தப்பாக அமைந்துவிட்டால், டைல்ஸைப் பெயர்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது.

நான் சிவில் இன்ஜினியர். அப்பா உறையூரில் கட்டட மேஸ்திரி. பள்ளி விடுமுறையில் அவர் மட்டம் பார்க்கும்போது தண்ணீர் நிரப்பிய டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இப்போது லேசர் கருவி வந்துவிட்டது. ஆனாலும் ஸ்ரீரங்கத்து வீட்டில் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று மூலை திரும்பித் திரும்பிக் கொல்லை வரை அளக்க வேண்டியிருக்கும்போது டியூப் மட்டம்தான் கைகொடுக்கிறது.

பாத்ரூமில் நாம் செம்பு செம்பாக மொண்டு ஊற்றுகிறோம், அல்லது ஷவரைத் திறக்கிறோம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. மெஷின் அப்படிச் செய்வதில்லை. ஒரு ஃப்ரண்ட் லோட் மெஷின் ஒரு தடவை துவைக்க ஏறக்குறைய 40 முதல் 60 லிட்டர் எடுக்கும். டாப் லோட் மெஷின் என்றால் 100 லிட்டருக்கு மேலும் போகும். எடுத்த தண்ணீரை ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மொத்தமாக வெளியே தள்ளிவிடும். கூடவே நுரையும் நூலும் வரும். பருத்தி வேட்டியும் ஒன்பது கஜப் புடவையும் துவைக்கிற வீடுகளில் இந்த நூல் குறைவாக இருக்காது.

பாத்ரூம் தரையில் இருக்கும் நானி டிராப்பின் உள்ளே எப்போதும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவும் கரப்பானும் மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வளைந்த குழாயில் தண்ணீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நம் எல்லார் வீட்டிலும் காவல் நிற்பது அதே ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான். மெஷின் ஹோஸை இந்த டிராப்பின் ஜாலியில் செருகிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஏற்கெனவே தலைமுடியும் சோப்புக் கசடும் பாதி அடைத்த டிராப்பாக இருந்தால், நுரை பொங்கிப் பாத்ரூம் முழுக்கப் பரவும். அடைப்பில்லாத டிராப்பாக இருந்தால், குழாய் நிறையப் பாய்கிற தண்ணீர் தன் பின்னாலேயே டிராப்பில் நின்ற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். துணி துவைத்த நாளில் மட்டும் பாத்ரூம் நாறுகிறது என்று பினாயில் பினாயிலாக ஊற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தால் டிராப் வறண்டு கிடக்கும்.

அதனால்தான் மெஷினுக்குத் தனிக் குழாய் கேட்கிறேன். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு நிற்கும் ஒரு குத்துக்குழாய், அதன் அடியில் அதற்கென்றே ஒரு டிராப், அங்கிருந்து 75 எம்.எம். எஸ்.டபிள்யூ.ஆர். பைப். கடையில் பைப் வாங்கும்போது மேலே ஐ.எஸ். 13592 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழிவு நீருக்கான பி.வி.சி. பைப்பின் தரக்குறி அதுதான். மின்வயர் இழுக்கிற மெல்லிய பைப்பை இதற்கு மாட்டி வைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன், மனம் பதறுகிறது. ஹோஸைக் குத்துக்குழாயின் வாய்க்குள் ஒரு சாண் விட்டால் போதும். சுற்றிலும் எம்-சீல் வைத்து இறுக அடைக்கக் கூடாது, காற்று புக வேண்டும். காற்று புகாவிட்டால் மெஷின் தண்ணீர் நிரப்ப நிரப்ப அது ஹோஸ் வழியாகத் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். மெஷினும் நிற்காது, மேல் டேங்கும் காலியாகிவிடும். ஹோஸைத் தரையோடு தொங்கவிட்டாலும் இதே கதைதான்.

இது பம்ப் உள்ள ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கான கணக்கு. நம் ஊரில் விற்கிற டாப் லோட் மெஷின்களில் பலவற்றுக்குப் பம்ப் கிடையாது. அடியில் வால்வு திறக்கும், தண்ணீர் தன் பாரத்தில் இறங்கும். அதன் ஹோஸை இரண்டரை அடி தூக்கிக் கட்டினால் ஒரு சொட்டும் வெளியேறாது. அதற்குத் தரை மட்டத்தில் அகலமான டிராப்பும், மெஷினுக்கு அடியில் நான்கு அங்குல ஸ்டாண்டும் தேவை. ஆகவே எந்த மெஷின் என்பதை முடிவு செய்துவிட்டு அறையைக் கட்டுங்கள். மெஷினைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம், அறையை இப்போது கட்டிவிடலாம் என்பவர்களுக்கு நான் இரண்டு வழியையும் வைத்துத்தான் கட்டுவேன்.

ஸ்ரீரங்கத்தின் சிக்கல் தனி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணல் தீவு இது. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் இன்னும் மிச்சமிருக்கிற பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை, இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. கிணறும் துவைக்கிற கல்லும் பாத்ரூமும் கொல்லையில், பாதாளச் சாக்கடை வாசல் வீதியில். கொல்லையில் துவைக்கிற தண்ணீர் வீடு முழுக்க நடந்து வாசலுக்கு வந்தாக வேண்டும். கொல்லைப்புறம் சந்து உள்ள வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உத்தர வீதியில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமிக்கு நான் செய்த வேலையைச் சொன்னால் இது விளங்கும். முழங்கால் வலியால் கல்லில் குனிந்து துவைக்க முடியவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளை ஃப்ரண்ட் லோட் மெஷினை வாங்கி அனுப்பிவிட்டார். பாத்ரூமை ஒட்டி ஆறடிக்கு ஐந்தடியில் ஓர் அறை எடுக்க இடம் இருந்தது. என்னோடு வந்த பிளம்பர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அக்கா, பாத்ரூம் லைன்லயே சேத்து விட்டுருவோம்க்கா. ஒரே செவுருதானே” என்றார். மாமி ஊஞ்சலில் இருந்தபடியே, “அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஜலம் எங்க போய்ச் சேரும்னு மொதல்ல சொல்லுங்கோ” என்றார். சரியான கேள்வி.

கொல்லையிலிருந்து வாசல் சேம்பர் வரை நூறு அடி. கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுக்க வேண்டும், அதாவது நாற்பது அடி ஓடினால் ஓர் அடி இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் தண்ணீர் மெல்ல நகரும், நூலும் கசடும் குழாயிலேயே படியும். அதிகமாகச் சரித்தாலும் தண்ணீர் ஓடிவிடும், கசடு பின்தங்கிவிடும். நூறு அடிக்கு இரண்டரை அடி இறக்கம் வேண்டும். டியூப் வைத்து அளந்தோம். அளக்க வேண்டியது சேம்பரின் மூடியை அல்ல, உள்ளே வீட்டுக் குழாய் வந்து சேருகிற இடத்தின் அடிமட்டத்தை. கொல்லைத் தரையைவிட அது இரண்டு அடிதான் கீழே இருந்தது. பாத்ரூம் லைன் தரைக்கு ஓர் அடி கீழே புறப்படுகிறது. மிச்சம் ஓர் அடி. நூறு அடிக்கு ஓர் அடி வாட்டத்தில் அந்த லைன் இத்தனை வருடம் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி மூங்கில் குச்சி விட்டுக் குத்த வேண்டியிருக்கிறது என்று மாமி சொன்னதற்குக் காரணம் இதுதான். அதன் தலையில் மெஷின் தண்ணீரையும் நூலையும் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை.

அங்கே எங்களுக்கு வழி கொடுத்தது மெஷினின் பம்ப். பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மெஷின்கள் தண்ணீரை மூன்றடி உயரத்துக்குத் தள்ளும். அப்படியானால் குழாய் தரைக்கு அடியில் புறப்பட வேண்டிய அவசியமே இல்லை. டிராப்பைத் தரைக்கு ஒன்றரை அடி மேலே சுவரில் மாட்டினோம். அங்கிருந்து சேம்பர் வரை மூன்றரை அடி இறக்கம் கிடைத்துவிட்டது, தேவையோ இரண்டரை. பக்கச் சுவரை ஒட்டி கிளாம்ப் போட்டு, வெளியே தெரியும்படியே பைப்பைக் கொண்டு வந்தோம். குறுக்குச் சுவர்களின் மூலைகளில் மட்டும் துளை. திரும்புகிற இடத்தில் தொண்ணூறு டிகிரி எல்போ போடாமல் இரண்டு நாற்பத்தைந்து பெண்ட், அங்கங்கே திறந்து சுத்தம் செய்ய மூடி வைத்த டோர் டீ. டிராப்பைத் தாண்டியதும் ஒரு கிளைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றி, அதன் வாயில் கௌல் என்ற துளையுள்ள மூடியை மாட்டினோம். காற்று அந்த வழியாக வந்துபோவதால் டிராப்பில் தண்ணீர் நிற்கும். வாசலில் லைன் நேராகச் சேம்பரில் விழாமல் வெளியே தரையில் பதித்த கல்லி டிராப்பில் விழுந்து, பிறகு சேம்பருக்குப் போகிறது. துணித் தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் டாய்லெட் லைனோடு வீட்டுக்குள்ளேயே சேர்க்காமல் இப்படி வெளியே சேர்ப்பதுதான் நல்ல முறை. டாய்லெட் லைன் அடைத்துக்கொண்டாலும் அந்தத் தண்ணீர் துவைக்கிற அறைக்குள் ஏறி வராது.

கூடத்தின் ஓரமாகப் பைப் தெரிந்தால் அசிங்கமாக இருக்காதா என்று பிள்ளை போனில் கேட்டார். அது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், அடுத்த வீட்டுக்கும் அதுதான் சுவர். காடி வெட்டிப் பைப்பைப் புதைத்துச் சிமெண்ட் பூசினால், ஒரு ஜாயிண்ட் கசிந்தாலும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறும். பல மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பூஜை அறையில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும்போதுதான் விஷயம் தெரியவரும். வெளியே தெரிகிற பைப்பில் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கே கண்ணில் படும். அழகைவிட இது முக்கியம் என்று நான் உறுதியாக நின்றேன். சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்.

துவைக்கிற கல்லை எடுக்க வேண்டாம் என்று மாமி கேட்டுக்கொண்டார். மடித்துணியை அவர் கிணற்று ஜலத்தில்தான் நனைப்பார். கல்லில் விழுகிற தண்ணீர் முன்போலவே தென்னைக்கும் கல்வாழைப் பாத்திக்கும் போகிறது. புது அறையின் தரையில் ஏதாவது சிந்தினால் அதுவும் அதே பாத்திக்குத்தான். மெஷின் தண்ணீர் முழுவதையும் அங்கே விடலாமே என்று கேட்டார்கள். பத்தடி தள்ளிக் கிணறு இருக்கிறது. மணல் பூமியில் சோப்புத் தண்ணீர் கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகாது. கிணறு இல்லாத, தோட்டம் அகலமான வீட்டில் நானே கல்வாழையைப் பரிந்துரைப்பேன், அதுவும் சோப்புத் தூளை அளவாகப் போடுகிறவர்களுக்கு.

இன்னொரு தப்பு மாடி வீடுகளில் பரவலாக நடக்கிறது. பால்கனியிலோ மொட்டைமாடியிலோ மெஷினை வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற மழைநீர்க் குழாயில் ஹோஸைச் செருகிவிடுகிறார்கள். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாய் கீழே உறைகிணற்றுக்கோ போர் ஓரத்துக் குழிக்கோ போகிறது. வீட்டுக்காரர்களே தங்கள் குடிநீரில் டிடர்ஜென்ட்டை ஊற்றுகிறார்கள். இதை எங்கே பார்த்தாலும், அது என் வேலை இல்லை என்றாலும், கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பாதாளச் சாக்கடை வராத புறநகர்ப் பகுதிகளில் செப்டிக் டேங்க் இருக்கும். மெஷின் தண்ணீரை அதில் விட வேண்டாம். திடீரென்று பாய்கிற நீர் அடியில் படிந்த கசடைக் கலக்கி உறிஞ்சு குழிக்குத் தள்ளிவிடும். குழியின் துளைகள் அடைபட்டால் டாய்லெட்டும் சேர்ந்து நின்றுவிடும். அங்கே துணித் தண்ணீருக்கு ஒரு வடிகட்டித் தொட்டியும் தனிக் குழியும் எடுக்கலாம்.

தீவுக்காரர்களுக்கு வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் தண்ணீர் புரண்டு ஓடியபோது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. 1928இல் திறந்த பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம், ஆறு நிறைந்து ஓடினாலே இங்கே நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். திருவானைக்காவல் கருவறையில் நீர் ஊறுவதை எல்லாரும் தரிசித்திருக்கிறோம். சாக்கடைச் சேம்பர்கள் நிரம்பினால் கழிவு நீர் வீட்டுக்குள் திரும்பும், அதுவும் வீட்டிலேயே தாழ்வான டிராப் வழியாக முதலில் வரும். வீதிகளில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதால், திண்ணைப்படி ஏறிப் போன வீடுகளில் சில இன்று ரோட்டு மட்டத்துக்கு வந்துவிட்டன. அப்படிப்பட்ட வீட்டில் சேம்பருக்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்து நூலை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது மூடிக்கொள்ளாது.

இனி உள்ளே வருகிற தண்ணீர். டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஃப்ரண்ட் லோட் மெஷின் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், அதாவது மெஷின் குழாய்க்கு மேலே மூன்று மீட்டரில் டேங்க்கின் அடி இருக்க வேண்டும். ஒரு தளம் உள்ள வீட்டில் இது மயிரிழையில் கிடைக்கும். மாடியில் டேங்க்குக்கு நேர் கீழே மெஷின் வைத்தால் கிடைக்காது. தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும், கம்பெனிக்காரர் வந்து பார்த்து மெஷினில் குறை இல்லை என்று போய்விடுவார். பாத்ரூமுக்குப் போகிற அரை இன்ச் லைனில் டீ போட்டால் அழுத்தம் இன்னும் குறையும். டேங்கிலிருந்தே ஒரு இன்ச் லைன் தனியாக இறக்கி, மெஷின் அருகில் முக்கால் இன்ச் ஆக்கிக்கொள்ளுங்கள். டேங்கை உயர்த்தலாம் என்றால், 1000 லிட்டர் என்பது ஒரு டன் பாரம். தேக்கு உத்தரத்தில் கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸில் அதை நடுவே ஏற்றக் கூடாது, சுவர் தாங்குகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அந்த மாடியில் மெஷினையும் வைக்க வேண்டாம். நுழைந்த ஈரம் உத்தரத்தின் நுனியை அரித்துவிடும், சுழலும்போது ஏற்படும் அதிர்வு வேறு. அழுத்தம் போதாத இடத்தில், டேங்குக்குப் பின்னால் சிறிய பூஸ்டர் பம்ப் வைக்கலாம். மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம், தெருவில் உள்ள மற்றவர்களின் தண்ணீரை எடுப்பது.

காவிரி, கொள்ளிடம் தண்ணீர் மென்மையானது, மெஷினுக்கு ஏற்றது. ஆற்றுக்குத் தெற்கே, பாறைப் பகுதியில் போர் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் உப்பு படியும். குடிநீர்த் தரவிதி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் எத்தனை என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். சோப்பு நுரைக்காது என்பதோடு, மெஷினுக்குள் ஹீட்டரில் கல் படியும். எந்தத் தண்ணீரானாலும் குழாயில் ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர் மாட்டுங்கள், மணல் அதிலேயே நிற்கும். ஆங்கிள் காக்கை மெஷினுக்குப் பின்னால் மறைக்காமல் பக்கவாட்டில், கைக்கு எட்டும்படி வையுங்கள். துவைத்து முடித்ததும் மூடிவிட்டால், ஆளில்லாதபோது ஹோஸ் வெடித்து வீடு நனைகிற பேச்சே இல்லை.

கரண்டைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். எர்த் உள்ள 16 ஆம்ப்ஸ் பிளக்கை நான்கடி உயரத்தில், பாத்ரூம் தண்ணீர் தெறிக்காத சுவரில் வையுங்கள். போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈரத் தரையில் மெஷினை ஓட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

டைல்ஸ் ஒட்டுகிற ஆள் வருவதற்கு முன்னால் பிளம்பரை நிறுத்திவைத்துச் சில காரியங்களை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். குத்துக்குழாயில் நான்கு பக்கெட் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். வாயில் பொங்கக் கூடாது, பாத்ரூம் டிராப்பில் குமிழி வரக் கூடாது. குமிழி வந்தால் காற்றுக்குழாய் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். பிறகு சேம்பர் முனையை அடைத்துவிட்டு லைனைத் தண்ணீரால் நிரப்பி, ஒரு மணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைக்குப் பூசிய வாட்டர்புரூஃபிங்மேல் ஓர் இரவு தண்ணீர் கட்டி, காலையில் சுவரின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பைப் போன இடமெல்லாம் டேப்பை வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் டவல் ஸ்டாண்டு மாட்ட டிரில்லோடு வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.